தார்ப்பாயும் நாற்பது குஞ்சுகளும்

எங்கள் சித்தப்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள். "பன்னண்டு சக்கர லாரி ஓட்டின ஆளு. பாவம், கடைசியில கோழி மேய்க்கப் போயிட்டாரு." அந்தப் 'பாவம்' காதில் விழுந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். வாய்ப்பாடு தப்பும்போதெல்லாம் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று கேட்டு வளர்ந்தவன் நான். மாடு மேய்த்தவருக்குப் பிறந்துதான் எங்கள் வீட்டின் முதல் பட்டத்தை வாங்கினேன். மேய்ப்பது என்னவோ மூளை இல்லாதவன் வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வயதுக் குஞ்சு நாற்பதை வாங்கி, எட்டு வாரம் உயிரோடு வைத்துக் காட்டட்டும். அதற்கப்புறம் பேசலாம்.

லாரி ஷெட்டில் சித்தப்பாவின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'தார்ப்பாய்' என்றால் வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினார். அவர் கட்டிய லோடு ஒரு தடவைகூட நனைந்ததில்லை. லோடு ஏறி முடிந்ததும் மேலே தாவி, தார்ப்பாயை விரித்து, மூலைகளை உறைபோல மடித்து, கயிற்றைக் காலால் உதைத்து இழுத்து முடிச்சுப் போடுவார். பிறகு கீழே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து உள்ளங்கையால் தட்டுவார். மத்தளம்போலச் சத்தம் வரவேண்டும். வராவிட்டால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். தார்ப்பாயில் ஓர் ஆணி ஓட்டையைப் பார்த்துவிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஒட்டுப் போடுகிற மனிதர்.

லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள். வலது கண்ணின் நரம்பு வற்றிவிட்டது, இனித் திரும்பாது, இடது கண்ணையாவது காப்பாற்ற இரண்டு வேளையும் சொட்டு மருந்து விடவேண்டும் என்று டாக்டர் சொன்னார். சித்தப்பா வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். லாரிச் சாவி இல்லை, அதை ஷெட்டிலேயே வாங்கிவிட்டார்கள். வீட்டுச் சாவிதான். ஆனால் மாட்டிய சத்தம் லாரிச் சாவியின் சத்தம் என்று சித்தி பிறகு சொன்னாள்.

சித்தி தையல்காரி. முன் அறையில் மிஷின், சுவரில் அளவு நாடா, மேசை இழுப்பறைக்குள் ஒரு பெரிய கத்திரி. அந்தக் கத்திரியில் துணியைத் தவிர வேறு எதையும் வெட்டக் கூடாது. நான் சின்ன வயதில் அதை எடுத்துக் காகிதம் வெட்டி வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து ஷெட் மேனேஜர் வந்தார். ஒரு காலத்தில் சித்தப்பாவிடம் கிளீனராக இருந்தவர். அப்போது வைத்த பட்டப்பெயர் 'குச்சி'. இப்போது பைக்கிலிருந்து இறங்கவே இரண்டு நிமிடம் ஆகிற உடம்பு. பெயர் மட்டும் குச்சியாகவே நின்றுவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவர் என்றால் திட்டி அனுப்பிவிடலாம்.

"அண்ணே, நம்ம கேட் வாட்ச்மேன் மூணு மாசத்துல மக வீட்டோட போய்ச் சேர்றாரு. அந்த எடம் உங்களுக்குத்தான். ஒரு ஸ்டூலப் போட்டுத் தர்றேன். வர்ற வண்டி போற வண்டிய எழுதிக்கிட்டு உக்காந்திருங்க. வேற என்னண்ணே உங்களால இனிமே முடியும்?"

கடைசிக் கேள்வியை அவர் அன்பாகத்தான் கேட்டார். சித்தப்பாவின் முகம் மட்டும் இறுகிப் போனது. வாசலில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று எதையோ கொத்திக்கொண்டு போனது. சித்தப்பா அதையே பார்த்தார்.

"நான் கோழி வளக்கப் போறேன்."

மிஷின் நின்றது. "யாரு?" என்றாள் சித்தி.

"நான்தான்."

"கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல ஒரு பூனைக்குச் சோறு வச்சு நான் பாத்ததில்ல. கோழியாம்!"

"இனிமே பாரு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கோழி வாசலில் போகிறவரை அவருக்கு அப்படி ஒரு யோசனையே இல்லை. ஆடு போயிருந்தால் ஆடு வளர்க்கப் போகிறேன் என்றிருப்பார். குச்சி தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். "மூணு மாசம் இருக்குண்ணே. யோசிங்க. ஸ்டூலு எங்கயும் போயிராது."

கொல்லைப்புறத்தில் ஓடு போட்ட ஒரு விறகுக் கொட்டகை இருந்தது. பின்பக்கம் சுவர், மற்ற மூன்று பக்கமும் திறப்பு. சித்தப்பா அதைக் கூட்டிப் பெருக்கி, தரையில் உமி பரப்பி, நடுவில் பல்பு தொங்கவிட்டார். குஞ்சுக்கு ஊதல் காற்று ஆகாது என்று குஞ்சு விற்கும் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதைச் சித்தப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும்? பரணிலிருந்து தன் பழைய தார்ப்பாயை இறக்கினார். மூன்று பக்கமும் இழுத்து, ஓட்டு விளிம்பு வரைக்கும் ஏற்றி, மூலைகளை உறைபோல மடித்து, கயிற்றை உதைத்து முடிச்சுப் போட்டார். சுற்றி வந்து தட்டினார். மத்தளச் சத்தம்.

"இதுக்குள்ள புயல் வந்தாலும் ஒரு எறகு அசையாது" என்றார்.

நான் டவுனில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவேன். என் பங்குக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். முதல் வாரம் குஞ்சுக்கு முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு டிகிரிச் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கவேண்டும் என்று படித்துக்கொண்டு வந்து சொன்னேன். பல்பை ஏற்றி இறக்கிச் சரியாக முப்பத்துநான்கில் நிறுத்தினோம். எனக்கு ஒரே பெருமை. சித்தப்பா என்னை 'டிகிரி' என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். படித்த டிகிரியா, சூட்டு டிகிரியா என்று நான் கேட்கவில்லை.

முதல் நாற்பது குஞ்சும் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. மஞ்சள் பந்துகள். இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாவது நாள் சில குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. குளிர்கிறது போலிருக்கிறது என்று சித்தப்பா இன்னொரு கயிறு போட்டு இறுக்கினார். நான்காம் நாள் ஆறு செத்துக் கிடந்தன. ஐந்தாம் நாள் எட்டு. நான் போனில், "தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டேன். "முப்பத்துநாலு." "அப்ப சரியாத்தான் இருக்கு சித்தப்பா" என்றேன். படித்தவன் சொல்லிவிட்டான் என்று அவர் மறுபடி இறுக்கினார்.

டீக்கடையில் சிரித்தார்கள். "தார்ப்பாய் கோழியயும் லோடா நெனச்சு மூட்ட கட்டிட்டாருப்பா!"

பத்தாம் நாள் மிஞ்சியது ஒன்பது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். அதுவரை கொட்டகைப் பக்கமே வராத சித்தி முதல் தடவையாக உள்ளே குனிந்தாள். குனிந்த வேகத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கண்ணு இப்படி எரியுது. இதுக்குள்ளயா வச்சிருக்கீங்க? உங்களுக்கு எரியலயா?"

"எனக்கு எப்பவும் எரியுது. மருந்து விடுறேன்ல" என்றார் சித்தப்பா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நனைந்த உமி, எச்சம், மேலே பல்புச் சூடு, வெளியே போக ஒரு துளை இல்லாத கட்டு. எச்சத்தின் காரம் ஆவியாக எழும்பி உள்ளேயே நின்றிருக்கிறது. சூடு மட்டும் கணக்காக இருந்தது. தெர்மாமீட்டரை நான் பார்த்தேன், குஞ்சின் வாயைப் பார்க்கவில்லை.

சித்தி கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "துணிய எல்லாப் பக்கமும் தச்சு மூடினா அதுக்குப் பேரு சட்ட இல்லீங்க, தலகாணி. கழுத்து எங்க? கை எங்க? அது எப்படி மூச்சு விடும்?" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா, நீயும் காலேஜுக்குப் போய்ட்டு வந்தியே!"

சித்தப்பா தார்ப்பாயை அவிழ்க்க முடிச்சில் கை வைத்தார். எடுத்துவிட்டார். தன் முடிச்சைத் தோற்றுப் போய் அவிழ்க்க அவருக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்தில் சித்தி உள்ளே போய்த் திரும்பி வந்தாள். கையில் அந்தக் கத்திரி.

"கட்டு இருக்கட்டும். கீழ மூணு அடி அப்படியே இருக்கட்டும், காத்து குஞ்சு மேல அடிக்காது. மேல பூரா வெட்டி எடுங்க."

"இது துணிக் கத்திரி" என்றார் சித்தப்பா.

"எனக்குத் தெரியும்."

ஓர் ஆணி ஓட்டையைப் பொறுக்காத மனிதர், சுவரோரத்தில் ஆரம்பித்து மூன்று பக்கமும் தன் தார்ப்பாயைத் தானே வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் சித்தியின் முகம் சுருங்கியது, கத்திரிக்காக. அவர் முகம் தார்ப்பாய்க்காக. வெட்டி முடித்ததும் மேலே வெளிச்சம் விழுந்தது, காற்று ஓடியது. ஒன்பது குஞ்சும் கொஞ்ச நேரத்தில் வாயை மூடின.

அந்த ஒன்பதையும் சித்தி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "சத்தம் போட்டா ஊசி ஓட்டிருவேன்" என்று அவற்றை மிரட்டிக்கொண்டே தைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னும் ஒரு தடவ. நாப்பது குஞ்சு வாங்குங்க. குச்சி வந்து கூப்புடுற அன்னிக்கு அதுல முப்பது நிக்கணும். முப்பதுக்குக் கீழ ஒண்ணு கொறஞ்சாலும் பேசாம போய் ஸ்டூல்ல உக்காந்துரணும். எனக்கும் இடுப்பு போச்சு. மாசம் பொறந்தா ஒருத்தர் சம்பளமாவது நிலையா வரணும்ல?"

"இந்த ஒம்பதும் கணக்குல சேருமா?"

"இது என் குஞ்சு. சேராது."

"சரி" என்றார் சித்தப்பா. "முப்பது."

இரண்டாம் தடவை எல்லாம் வேறு மாதிரி. பழைய உமியை எரித்தார். தரையைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டார். புது உமி போட்டு, முதல் நான்கு நாளைக்கு மேலே பழைய செய்தித்தாள் விரித்தார், இல்லாவிட்டால் குஞ்சு தீவனம் என்று நினைத்து உமியைத் தின்னும். அட்டையை வட்டமாக வளைத்து நடுவில் வேலி வைத்தார். வட்டம் எதற்கு என்றால், மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பவை நசுங்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டார், குஞ்சு விழுந்து மூழ்காமலிருக்க. வந்து இறங்கிய ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு தடவை தண்ணீரில் தொட்டுக் காட்டினார். குடிக்கத் தெரிந்த குஞ்சுதான் பிழைக்கும்.

தெர்மாமீட்டரை அவர் கழற்றவில்லை. ஆனால் அதை இரண்டாவதாகத்தான் பார்த்தார். முதலில் குஞ்சைப் பார்த்தார். ஒரு நாள் போனில் பாடம் ஒப்பித்தார்: "டேய் டிகிரி, கேட்டுக்கோ. பல்புக்கு அடியில குவிஞ்சு கத்துச்சுன்னா குளுருது. பல்ப விட்டுத் தள்ளிப்போயி றெக்கையத் தொங்கப்போட்டு வாயத் தொறந்துச்சுன்னா சூடு ஜாஸ்தி. ஒரே பக்கமா ஒதுங்கிச்சுன்னா எதிர்ப்பக்கம் காத்து அடிக்குது. அங்கங்க பரவிக் கெடந்து, மெதுவாப் பேசிக்கிட்டு இருந்துச்சுன்னா, வண்டி டாப் கியர்ல போகுதுன்னு அர்த்தம்."

ஏழாம் நாள் கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்திலிருந்து ஐஸில் வைத்து வாங்கி வந்தார். குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விடவேண்டும். கம்பவுண்டர் வந்து விடட்டுமா என்று கேட்டாராம். "வேணாம். ரெண்டு வேளையும் என் கண்ணுக்கு நானே விட்டுப் பழகின கை" என்றாராம் சித்தப்பா. ஒரு சொட்டு வீணாகவில்லை.

முதல் வாரத்தில் இரண்டு போயின. முப்பத்தெட்டு நின்றது.

நான்காம் வாரம் இறகு முளைத்துவிட்டது, இனி வெயிலும் மண்ணும் வேண்டும். கொட்டகையை ஒட்டிக் கூண்டு போட முடிவானது. நான் முந்திக்கொண்டு கோழி வலை ஒரு சுருள் வாங்கி வந்தேன். சித்தி நாடாவை எடுத்து வலையின் கண்ணை அளந்தாள், பிறகு தன் நான்கு விரலையும் உள்ளே விட்டாள். முட்டிவரை போயிற்று.

"ஏன்டா, என் கையே போகுது, பூனைக் கை போகாதா? இது கோழி வெளிய போகாம இருக்கத்தான். வேற எதுவும் உள்ள வராம இருக்க இல்ல."

மறுபடி கடைக்கு ஓடி அரை அங்குலக் கண் வைத்த கம்பி வலை வாங்கி வந்தேன். அதை நான்கு பக்கமும், கொட்டகையின் திறப்புகளிலும் கட்டினோம். நான் வாங்கிய அகலக் கண் வலை மேலே போயிற்று, காக்காய்க்கும் பருந்துக்கும் அது போதும். சித்தப்பா அதை லோடு கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டித் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை, வலைதானே. இருந்தாலும் தட்டினார்.

ஒரு சனிக்கிழமை அவரைக் கண் டாக்டரிடம் நான் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உச்சி வெயில். சித்தி கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் விளக்குமாறு. கூண்டுக்குள் ஐந்து குஞ்சு கழுத்து கடிபட்டுக் கிடந்தன. ஆறாவதைக் காணவில்லை. வலையில் ஒரு கீறல்கூட இல்லை. வலைக்கு அடியில் மண்ணைத் தோண்டி ஒரு குழி, என் கை நுழையும் அளவுக்கு.

"கீரி" என்றாள் சித்தி. "வால மட்டும்தான் பாத்தேன். மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. கேக்கவே இல்லீங்க."

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. முப்பத்திரண்டு. இன்னும் மூன்று போனால் ஸ்டூல். குச்சி வருவதற்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. ஜெயிக்கப் போகிறவள் சித்திதான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"நீ வேணும்னே விட்டேன்னா சொன்னேன்?" என்றார் சித்தப்பா.

"நீங்க சொல்லல. ஆனா எண்ணிக்க எண்ணிக்கதான். அத நான் மாத்தமாட்டேன்."

"மாத்தச் சொல்லி யாரு கேட்டா? மம்பட்டிய எடு."

அன்றைக்கு நான் பார்த்தேன், அவர் அழவில்லை, கீரியைத் திட்டவில்லை. குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தன் நல்ல கண்ணை அதற்கு நேராக வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். "லோடு நனையுதுன்னா மேல பாத்துக்கிட்டே இருப்பானுங்க. கீழ சக்கரம் தெறிக்கிற தண்ணியில அடி மூட்ட நனையும். இருவத்திரண்டு வருசம் இது எனக்குத் தெரியும். இங்க மறந்துட்டேன்."

மூன்று பேரும் கூண்டைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். கம்பி வலையை அதற்குள் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக இன்னோர் அடி மடக்கி விட்டோம். தோண்டுகிற பிராணி எப்போதும் வேலியின் ஓரத்தில்தான் தோண்டும், இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. ஓரத்தில் தோண்டினால் மடக்கிய வலை தட்டும். வலை மேல் உடைந்த ஓடும் கல்லும் போட்டு மண்ணை மூடி மிதித்தோம். கதவுக்கு ஒரு கொக்கிக்குப் பதில் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. சித்தி பழைய திரைச்சீலைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு மூலையில் நிழலுக்குப் போட்டாள். "நெழலு வேற. பந்தயம் வேற" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டாள். இன்னொரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து கொட்டியிருந்தது, குஞ்சுகள் புரண்டு குளிக்க. சாயங்காலம் ஆனால் எல்லாவற்றையும் கொட்டகைக்குள் அடைத்து எண்ணிப் பார்க்காமல் சித்தப்பா சாப்பிட உட்காரமாட்டார். ஒன்பது குஞ்சும் பெட்டியை விட்டு வளர்ந்துவிட்டதால் அவையும் கூண்டின் ஒரு தடுப்புக்குள் வந்தன. அவற்றைச் சித்தி தனியாக எண்ணினாள்.

டீக்கடையில், "என்ன தார்ப்பாய், கீரிக்கு விருந்தாமே?" என்று கேட்டார்கள். "ஆமா. இந்தத் தடவ எலைக்கு அடியில கம்பியப் போட்டிருக்கேன். வந்து பாரு" என்று சொல்லிவிட்டு, டீயை நின்றபடி குடித்து முடித்து வந்தார். முன்பெல்லாம் அந்தக் கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வருவார்.

குச்சி சொன்ன நாள் ஒரு திங்கட்கிழமை. நான் லீவு போட்டுவிட்டு இருந்தேன். காலையில் எண்ணினோம். முப்பத்திரண்டு. சித்தி மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டு.

"அவரு வர்ற வரைக்கும் பந்தயம் முடியாது" என்றாள்.

பதினொன்றரை மணிக்கு பைக் சத்தம் கேட்டது. குச்சி நேராகக் கொல்லைப்புறம் வந்தார். கையில் ஒரு பழைய நோட்டு, வண்டி எண் எழுதுகிற நோட்டு. "அண்ணே, கெளம்புங்க. வாட்ச்மேன் நேத்தே போயிட்டாரு" என்று ஆரம்பித்தவர், கூண்டைப் பார்த்து நின்றார். குஞ்சுகள் என்று இனிச் சொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்த கோழிகள், மண்ணைக் கிளறிக்கொண்டு, சாம்பலில் புரண்டுகொண்டு.

அப்போதுதான் அது வந்தது. வேலியோரத்துச் செடிக்குள்ளிருந்து, பட்டப் பகலில், யாரையும் சட்டை செய்யாமல். கோழிகள் ஒரே குரலாகக் கத்திக்கொண்டு நடுவில் ஓடிச் சேர்ந்தன. நான் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன்.

"கல்லக் கீழ போடு" என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, கீரி!"

"தெரியும். போடுடா கீழ. யாரும் அசையாதீங்க. அது பாக்கட்டும்."

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் வலித்தது. குச்சி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கீரி போன தடவை தோண்டிய அதே இடத்துக்கு வந்தது. முன்னங்காலால் பரபரவென்று மண்ணை அள்ளியது. ஓட்டுச்சில் வெளியே வந்தது, கல் வந்தது. அப்புறம் கம்பியில் நகம் உரசும் சத்தம். நின்றது. மோந்தது. பக்கத்தில் இன்னோர் இடத்தில் தோண்டியது. மறுபடி கம்பி. மூலைக்குப் போனது. கதவுக்குப் போனது, கீழ்க் கொக்கியை மூக்கால் தள்ளியது. கதவு அசையவில்லை. பின்பக்கம் சுற்றி வந்து அங்கேயும் ஒரு குழி. கூண்டைச் சுற்றி முழுசாக ஒரு வட்டம் போய்விட்டு, பின்னங்காலில் எழுந்து நின்று எங்களை ஒரு தடவை பார்த்தது. பிறகு வந்த வழியே செடிக்குள் போய்விட்டது.

சித்தப்பா போய்க் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு குழியிலும் தெரிந்த கம்பியைச் செருப்புக் காலால் மிதித்துப் பார்த்தார். உள்ளங்கையால் மரச்சட்டத்தைத் தட்டினார்.

"எண்ணிக்கோ" என்றார் சித்தியிடம்.

சித்தி எண்ணினாள். கோழிகள் ஓடிக்கொண்டே இருந்ததால் மூன்று தடவை எண்ணவேண்டியிருந்தது. "முப்பத்திரெண்டு" என்றாள். என் கையை அப்போதுதான் விட்டாள்.

குச்சி தொண்டையைச் செருமினார். "அண்ணே, அது... ஷெட்டுல..."

"தம்பி, நீ நல்ல மனசோடதான் வந்த. அத நான் மறக்கமாட்டேன். ஆனா வாட்ச்மேன் வேலைக்கு நான் வரமுடியாது. ஏற்கெனவே ஒரு எடத்துல பாத்துக்கிட்டு இருக்கேன். நாப்பத்தோரு பேரு. ராத்திரி பகல் ரெண்டு ஷிப்டு. லீவு கெடையாது."

"முப்பத்திரெண்டுன்னுல்ல அண்ணி சொன்னாங்க?"

"மிச்சம் ஒம்பது அவ ஆளுங்க. அதுக்கும் நான்தான் வாட்ச்மேன்."

குச்சி சிரித்துவிட்டார். "அப்ப உங்களால என்ன முடியும்னு நான் கேட்டது..." என்று இழுத்தார். சித்தப்பா கூண்டை நோக்கித் தலையை மட்டும் அசைத்தார். குச்சி நோட்டை பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இரண்டு எட்டு போனதும் சித்தி கூப்பிட்டாள்.

"தம்பி! அந்த ஸ்டூலு இனிமே சும்மாதான இருக்கும்? குடுத்து விடுங்க. கூண்டுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு முட்ட பாக்க எனக்கு இடுப்பு ஆகாது."

"இன்னும் முட்டையே வரலயே" என்றார் சித்தப்பா.

"வரும்ல? முப்பது நிக்கும்னு சொன்னீங்க, நின்னுச்சுல்ல?"

பந்தயத்தில் அவள் தோற்றதை ஒப்புக்கொண்ட விதம் அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்கிறவர்களுக்கு எங்கள் சித்தியைத் தெரியாது.

அடுத்த வாரமே ஒரு லாரியில் ஸ்டூல் வந்து இறங்கியது. இரும்புக்கால், மரப்பலகை, பலகை விளிம்பில் வெள்ளை எழுத்தில் 'வாட்ச்மேன்' என்று எழுதியிருந்தது. இப்போது கோழிகள் முட்டையிடுகின்றன. முதல் நாற்பதில் முப்பத்தொன்று எப்படிச் செத்தன என்பதிலிருந்து ஆரம்பித்து, கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சித்தப்பா ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறார். மேலே திற, கீழே புதை, குஞ்சு வாயைப் பார், அப்புறம் தெர்மாமீட்டரைப் பார். அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பிக்கொள்வார். டீக்கடையில் யாராவது 'பாவம்' என்று ஆரம்பித்தால், எங்கள் வீட்டில் முட்டை வாங்குகிறவர்களே அவர்கள் வாயை அடைக்கிறார்கள்.

ஸ்டூல் கூண்டுக்குள்தான் இருக்கிறது. சித்தியும் அதில் உட்காரவில்லை. சாயங்காலம் ஆனால் நான்கு கோழிகள் அதன்மேல் ஏறி நின்று, யாரும் இறக்கிவிடக் கூடாது என்பதுபோல இறகை விரித்துக்கொள்கின்றன. சித்தப்பா அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.